தோட்டத்தை விட்டுக் குடிபெயர்கிறீர்களா? லொறிக்குச் சொல்வதற்கு முன் முடிக்கவேண்டிய வேலைகள்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அத்தாட்சி கொடுக்கும் இடம் ஒன்றுதான்: தோட்டக் காரியாலயம். அடையாள அட்டை விண்ணப்பமோ பிள்ளையின் பாடசாலை அனுமதியோ வங்கிக் கடனோ, எதுவானாலும் பெரிய கிளாக்கரின் ஜன்னலுக்கு முன்னால் நின்றால், தோட்ட முகாமையாளரான துரையின் கையொப்பமும் முத்திரையும் விழுந்த ஒரு தாள் இன்றோ நாளையோ கைக்கு வந்துவிடும். குடிபெயர்ந்த மறுநாளே அந்த ஜன்னல் உங்களுக்கு மூடிவிடுகிறது. புதிய ஊரின் கிராம உத்தியோகத்தருக்கோ உங்களை யாரென்றே தெரியாது. “பழைய இடத்தில் கேளுங்கள்” என்று இவர்களும், “நீங்கள்தான் போய்விட்டீர்களே” என்று அவர்களும் சொல்ல, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வத்தளைக்கு வந்த எங்கள் குடும்பம் இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் அலைந்தது. நீங்கள் அலைய வேண்டாம்.

ஹட்டன், கண்டி, கொழும்பு என்று நாட்டுக்குள்ளேயே வீடு மாறுகிறவர்களுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை. வெளிநாடு போகிறவர்களின் காகிதங்கள் முற்றிலும் வேறு.

1. முதலில் நாட்காட்டி

வாடகை வீடு அமைந்ததும் அடுத்த ஞாயிறே ஏறிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஆண்டுதோறும் பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் வழமையாக எங்கே வசிக்கிறீர்களோ, அந்த முகவரியில்தான் அவ்வாண்டின் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் சேரும். மார்ச்சில் மாறினால் அந்த வருடம் முழுவதும் நீங்கள் காகிதத்தில் தோட்டத்து ஆள். வாக்களிப்பதற்கு மட்டும் என்றால் ஒருநாள் ஊருக்கு வந்துபோகலாம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதன் விலை அதிகம். ஏன் என்று 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.

அடுத்தது பாடசாலைத் தவணை. ஆண்டு நடுவில் பிள்ளையைப் பெயர்த்து நடுவது கடினம். வருட இறுதி விடுமுறையே வசதி.

மூன்றாவது மழை. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. கினிகத்தேனை, கித்துல்கலப் பக்கம் மண் சரிந்து பாதை மூடினால், உங்கள் அலுமாரியும் மெத்தையும் லொறியிலேயே நனைந்துகொண்டு காத்திருக்கும். ஆடி மாதத்தில் வீடு மாறக் கூடாதென்று பெரியவர்கள் சொல்வார்கள். மழையும் அதையேதான் சொல்கிறது. வாதாட வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: செப்டெம்பரில் காகித வேலையைத் தொடங்குங்கள். டிசம்பர் விடுமுறையில் மாறுங்கள். ஜனவரி முடிவதற்குள் புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

2. தோட்டக் காரியாலயத்தில் வாங்கவேண்டியவை

இந்தப் பகுதியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகும் சரிசெய்துகொள்ளலாம். இங்கே விட்டதைப் பிடிக்கத் திரும்ப மலையேற வேண்டும். அதற்குள் துரை மாற்றலாகிப் போயிருப்பார், கிளாக்கர் ஓய்வு பெற்றிருப்பார்.

முதலாவது, வதிவிடக் கடிதம். “இவர் எமது தோட்டத்தில் வசித்தவர்” என்ற ஒற்றை வரிக் கடிதம் எதற்கும் உதவாது. டிவிசன், லய (வரிசை வீடுகளின்) இலக்கம், வீட்டு இலக்கம், எந்த ஆண்டிலிருந்து எந்தத் திகதி வரை, குடும்பத்தில் யார் யார், ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவை அனைத்தும் அதில் இருக்கவேண்டும். விபரங்களை நீங்களே ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். கிளாக்கருக்கும் வேலை குறையும், பெயர்ப் பிழையும் வராது. இரண்டு மூலப்பிரதி கேளுங்கள். ஒன்று கிராம உத்தியோகத்தருக்குப் போய்விடும். மற்றதை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், போட்டோ பிரதிதான் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, வேலை செய்தவர் ஒவ்வொருவருக்கும் சேவைச் சான்று. பெயர் பதிந்த திகதி, விலகிய திகதி, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) அங்கத்தவர் இலக்கம் ஆகிய மூன்றும் அதில் கட்டாயம்.

மூன்றாவது, சம்பளச் சீட்டுகள். உள்ளங்கை அகலத் தாளில் மங்கிய மையில் வரும் அந்தச் சீட்டை எத்தனையோ வீடுகளில் அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்துகிறார்கள். நம் கண் கடைசி வரியில் உள்ள கைக்காசுத் தொகைக்கே போகும். அதற்கு மேலே தொழிற்சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம், தேயிலைத்தூள், கோவில் என்று கழிவுகள் வரிசையாக நிற்கும். ஈ.பி.எப். இலக்கமும் ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். கிடைக்கிற பழைய சீட்டுகளை எல்லாம் சேர்த்து வையுங்கள். இலக்கம் ஆண்டுக்காண்டு ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நிர்வாகம் கைமாறிய தோட்டங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் இருப்பது அபூர்வம் இல்லை. இரண்டையும் குறித்துக்கொள்ளாவிட்டால் ஒன்றில் கிடக்கும் பணம் மறந்தே போகும்.

நான்காவது, கடன் பாக்கி இல்லை என்பதற்கான எழுத்து. தீபாவளி முற்பணம் மீதி இருந்தால் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சில் “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். பிறகு பணிக்கொடையில் கழிப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். வேலையை விடும்போது கடிதம் கொடுப்பதில்லை. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போவதை நிறுத்திவிட்டு, “பெயரை வெட்டிவிடுவார்கள்” என்று இருந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் எப்போது விலகினீர்கள் என்பதே தகராறாகும். இராஜினாமாக் கடிதத்தைத் திகதியிட்டு இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் காரியாலயத்தில் கொடுத்து, மற்றதில் “கிடைத்தது” என்று கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள்.

லய வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் சொத்து இல்லை. விற்கவோ வாடகைக்கு விடவோ உரிமை கிடையாது. “சாவிக்காசு” வாங்கிக்கொண்டு வேறொருவரைக் குடிவைத்தால் பின்னால் வரும் சிக்கல் அந்தக் காசுக்குப் பெறாது. அம்மாவோ அண்ணனோ அங்கேயே இருந்து வேலைக்குப் போகிறார்கள் என்றால், வீடு அவர்கள் பெயரில் தொடர்வதைக் காரியாலயத்தில் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏழு பேர்ச் காணி உறுதி (காணிப் பத்திரம்) கிடைத்தவர்களின் நிலை வேறு. அந்த உறுதியின் மூலப்பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உங்களோடு கொண்டுபோங்கள், லயத்துப் பெட்டியில் விட்டுவைக்காதீர்கள்.

3. வரவேண்டிய பணம்

மூன்று பணம் இருக்கிறது. மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பணிக்கொடை: நம் ஊரில் சேவைக்காலப் பணம் என்பார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 ஆண்டு சேவை பூர்த்தியான எவருக்கும் இது உரியது. ஓய்வு பெறும் வயது வரவேண்டும் என்பதில்லை; நீங்களாக விலகினாலும் உண்டு. நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டு உழைத்தவருக்கு 1,350 × 14 × 20 = 3,78,000 ரூபாய். இந்தக் கணக்கை நீங்களே போட்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போங்கள். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பிரதேசத் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். தாமதத்துக்கு மேலதிகத் தொகையும் உண்டு. முறைப்பாட்டுக்குத் தேவையானவை: சேவைச் சான்று, இராஜினாமாக் கடிதப் பிரதி, சம்பளச் சீட்டு. போன பகுதியில் ஏன் அவ்வளவு நீட்டினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஈ.பி.எப்.: உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், தோட்டம் போடுவது 12 சதவீதம். வீடு மாறினேன், வேலையை விட்டேன் என்பதற்காக இது கைக்கு வராது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தர இயலாமைக்கு உள்ளானவர்கள், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுகிறவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. “முழுவதையும் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு” என்று ஹட்டன் டவுனில் யாராவது சொன்னால் நின்று கேட்காமல் நடையைக் கட்டுங்கள். 10 ஆண்டுக்கு மேல் பணம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்க வழி இருக்கிறது. சொந்தமாக வீடு கட்டப்போகிறவர்கள் இதைத் தொழில் காரியாலயத்தில் விசாரியுங்கள். புதிய ஊரில் வேலைக்குச் சேரும்போது பழைய இலக்கத்தைக் கொடுப்பதும் முக்கியம்.

ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி): தொழில்தருநர் மட்டும் போடும் 3 சதவீதம். வேலையை விட்டவுடன் கேட்கலாம். ஒருமுறை எடுத்தால் மறுமுறை எடுக்க 5 ஆண்டு போகவேண்டும். தொகை சிறியதானாலும் வாடகை முற்பணத்துக்குக் கைகொடுக்கும்.

4. பெயர்கள் ஒத்துப்போகின்றனவா?

எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், ஈ.பி.எப். சீட்டு, பாடசாலைப் பதிவு ஆகியவற்றை ஒரு பாயில் பரப்பி வையுங்கள். பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் முத்துலெட்சுமி, இன்னொன்றில் முத்துலக்ஷ்மி, மூன்றாவதில் வெறும் லெட்சுமி. அப்பாவின் பெயர் முன்னால் ஓரிடத்தில், பின்னால் இன்னோரிடத்தில். தோட்டத்தில் இருக்கும்வரை எல்லோருக்கும் முகம் தெரியும், பெயர் பெரிய விஷயமாக இருக்காது. நகரத்து அலுவலகத்தில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சின்ன வேறுபாடு என்றால், இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். சமாதான நீதவான் முன்னிலையில் செய்யலாம். பிறந்த திகதியோ தகப்பன் பெயரோ பிழையாக இருந்தால் சத்தியக் கடதாசி போதாது. பிறப்புப் பதிவையே திருத்தவேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும் என்பதால், மலைநாட்டில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். கணினியில் ஏறிய பதிவுகளின் பிரதியை இப்போது எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம், ஆகவே வெறும் பிரதிக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் இன்னும் இரண்டு காகிதம்: உத்தேச வயதுச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ். தாத்தா பாட்டி காலத்துத் தகரப் பெட்டியில் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருக்கும். லாமினேட் செய்யாதீர்கள், சில அலுவலகங்கள் அதை ஏற்க மறுக்கும். போட்டோ பிரதி எடுத்து, ஸ்கேன் செய்து கைபேசியிலும் வைத்துக்கொண்டு, மூலத்தை உறையில் பத்திரப்படுத்துங்கள்.

5. கிராம உத்தியோகத்தர்: இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை

தோட்டப் பகுதிகளில் ஒரு கிராம உத்தியோகத்தருக்குப் பல தோட்டங்கள் இருக்கும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். செவ்வாய், வியாழன், சனி காலை என்பது பொதுவான வழக்கம். வெளி வேலையாகப் போயிருக்கவும் கூடும் என்பதால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். போயா விடுமுறையையும் பாருங்கள்.

பழைய இடத்தில் வாங்கவேண்டியவை இரண்டு. வதிவிட, நற்சான்றிதழ் ஒன்று. அதற்கு அடையாள அட்டை, தோட்டக் கடிதம், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும் விபரம் ஆகியவற்றைக் கேட்பார். அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய் மேலொப்பம் பெறவேண்டும். மேலொப்பம் இல்லாத சான்றிதழை வங்கிகூட வாங்காது. மேலொப்பமிட்ட திகதியிலிருந்து 6 மாதம்தான் செல்லும், ஆகவே சீக்கிரமாக வாங்கி வீணாக்காதீர்கள். கிளம்பும் மாதத்தில் வாங்கினால் போதும். நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் அண்மைக் காலத்தில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் தோட்டம் இப்போது எந்தச் செயலகத்தின் கீழ் வருகிறது என்று கேட்காமல் பழைய இடத்துக்கே பஸ் ஏறினால் ஒரு நாள் சம்பளம் போகும்.

இரண்டாவது, இந்தப் பிரிவை விட்டு வெளியேறுகிறீர்கள் என்ற கடிதம். இதைப் பலர் கேட்டே வாங்குவதில்லை. புதிய கிராம உத்தியோகத்தர் முதலில் கேட்பது இதைத்தான், ஏனென்றால் ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் விசாரணை அவர் தலையில் விழும்.

அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம் பெறுகிறவர்கள் அதே பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவிலும் முகவரி மாற்றத்தைச் சொல்லிவிட்டு, எழுத்தில் ஏதாவது ஒரு சான்று வாங்கிக்கொண்டு போங்கள்.

6. கடிதத்தில் என்ன சொல்லைப் போடுவது?

சிரிக்காதீர்கள், இதனாலும் தாமதம் வருகிறது. விண்ணப்பக் கடிதத்தில் “நாங்கள் இடம்பெயர்ந்து வந்துள்ளோம்” என்று எழுதினால், இலங்கையில் எந்த அலுவலருக்கும் யுத்தமோ மண்சரிவோதான் நினைவுக்கு வரும். அனர்த்த நிவாரணப் பட்டியலில் இருக்கிறீர்களா, மண்சரிவு அபாயம் பற்றிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எங்கே என்று கேட்பார்கள். உண்மையிலேயே மண்சரிவு அபாயத்தால் எழுப்பப்பட்டவர்கள் அந்தச் சொல்லைத்தான் எழுதவேண்டும், அறிக்கையையும் இணைக்கவேண்டும். உங்களுக்கு உரிய உதவி அதில் தங்கியிருக்கிறது. “புலம்பெயர்ந்து” என்று எழுதினால் கனடாவில் இருக்கிறவர் என்று நினைப்பார்கள். குடிபெயர்ந்தோம் என்பது பேச்சுக்கும் கட்டுரைக்கும் அழகு. அரச கடிதத்தில் “வதிவிடத்தை மாற்றியுள்ளோம்” என்று எழுதுங்கள். தலைப்பு: “வதிவிட மாற்றம் தொடர்பாக”. கீழே பழைய முகவரி, புதிய முகவரி, மாறிய திகதி. வேறு கதை எதுவும் வேண்டாம்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். பெயரையும் முகவரியையும் மட்டும் அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும் கீழே எழுதிவிடுங்கள். சிங்களத்தில் பதியும்போது உச்சரிப்புப் பிசகினால் பிறகு ஒப்பிட்டுக் காட்ட வசதியாக இருக்கும்.

7. பாடசாலை

பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம், முன்னேற்ற அறிக்கைகள், அதிபரின் கடிதம். ஆனால் அங்கே இடம் உறுதியாகாமல் இங்கே விடுகைப் பத்திரம் வாங்காதீர்கள். பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விக் காரியாலயத்தில் கேளுங்கள். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு. எந்த வகுப்பில் தமிழ் மொழிமூலம் இடம் காலியாக உள்ளது என்பதைப் பாடசாலைக்கே நேரில் போய் அறிந்துகொள்வதுதான் வேகமான வழி.

முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கவனியுங்கள். ஜனவரி 31ஆம் திகதிக்குள் பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்கவேண்டும். போட்டி அதிகமுள்ள பாடசாலைகளில் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கான பிரிவில் புள்ளி போடும்போது, அந்த முகவரியில் கடந்த 5 ஆண்டு வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே பெப்ரவரி 1ஐ நினைவில் வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

உயர்தரம் படிக்கும் வயதில் பிள்ளை இருந்தால், வீடு மாறுவதை ஒத்திப்போடுவதைப் பற்றி யோசியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது, வெட்டுப்புள்ளியும் கொழும்பைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பது, உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் பிள்ளை எங்கே படித்தது என்பதைப் பொறுத்தது. கொழும்பில் நல்ல ரியூஷன் கிடைக்கும் என்று சாதாரண தரம் முடிந்ததும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நல்ல புள்ளி எடுத்தும், கொழும்பு வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும் பிள்ளையின் முகத்தைப் பிறகு பார்க்க நேரிடும். பெற்றோர் முன்னால் போய், பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டு உயர்தரம் முடிக்கவைத்த குடும்பங்களைத் தெரியும். அதில் புத்தி இருக்கிறது.

8. வாடகை வீடு

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வத்தளை, ஹேகித்த, ஹெந்தளை என்று தேடுவீர்கள். ஆறு மாத வாடகையோ ஒரு வருட வாடகையோ முற்பணமாகக் கேட்பது சாதாரணம். அதோடு தரகருக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. ஆகவே மாத வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படி எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். முத்திரைத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டது போதும் என்று சொல்லும் வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மகன் லண்டனிலிருந்து வந்து வீட்டை விற்கும்போதுதான் சிக்கல்.

முற்பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “இந்த முகவரியில் கிராம உத்தியோகத்தரிடம் பதிவோம், வாக்காளர் இடாப்பிலும் பெயர் சேர்ப்போம், சம்மதமா?” வாடகைக்காரர் பெயர் பதிந்தால் வீடு பறிபோகும் என்று அஞ்சும் வீட்டுக்காரர்கள் நிறைய. சட்டப்படி வாக்காளர் இடாப்பில் சேர, அங்கே வழமையாக வசித்தால் போதும். வீடு யாருடையது என்பது கணக்கில் இல்லை. ஆயினும் குடிவந்த பிறகு வீட்டுக்காரரோடு சட்டம் பேசி வாழ முடியாது. முதலிலேயே பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அந்த வீட்டின் மின்கட்டணப் பட்டியல் பிரதி ஒன்றையும், நீங்கள் அங்கே வாடகைக்கு இருப்பதாக அவர் கையொப்பமிட்ட கடிதத்தையும் அன்றே வாங்குங்கள்.

9. சாமான் ஏற்றும் நாள்

லயத்து வீட்டுச் சாமானுக்கு ஒரு சின்னப் பட்டா லொறியே பெரும்பாலும் போதும். ஹட்டன் கடைகளுக்கு அரிசியும் மாவும் ஏற்றிவந்து வெறுமனே கொழும்பு திரும்பும் லொறிகளை விசாரியுங்கள். தனியாகப் பிடிப்பதைவிட நன்றாகக் குறையும். மரக்கறி லொறிக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் நிறைந்த லொறியோடுதான் இறங்குவார்கள். ஏற்றக்கூலி, இறக்கக்கூலி வாடகையில் சேர்த்தியா என்று முன்னமே பேசிக்கொள்ளுங்கள். லயத்து வாசல் வரை லொறி வராவிட்டால் தலைச்சுமைக்கு ஆள் வேண்டும். விடியற்காலையில் புறப்பட்டால் அவிசாவளைக்குப் பிறகு வரும் நெரிசலைக் கொஞ்சம் தவிர்க்கலாம்.

கம்பளிகள் முழுவதையும் கட்ட வேண்டாம், கீழ்நாட்டு வெயிலில் அவை பெட்டியைத்தான் அடைக்கும். காகிதப் பையை லொறியில் போடாதீர்கள். அது உங்கள் மடியில் வரவேண்டும்.

10. போய்ச் சேர்ந்த முதல் மாதம்

பால் காய்ச்சிய வாரமே கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். கொண்டுபோகவேண்டியவை: பழைய கிராம உத்தியோகத்தரின் கடிதம், தோட்டக் கடிதப் பிரதி, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் கடிதம், மின்பட்டியல் பிரதி, எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். வாக்காளர் பதிவுக்குப் படிவம் எப்போது வரும் என்று அப்போதே கேட்டு வையுங்கள். சில பகுதிகளில் பொலிஸ் நிலையத்திலிருந்து குடியிருப்பாளர் விபரப் படிவம் வரும். நிரப்பிக் கொடுப்பதற்கு முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அடையாள அட்டையில் முகவரி மாற்றம். தோட்டத்தில் இருந்தபோது விண்ணப்பத்தைத் துரை அத்தாட்சிப்படுத்தினார். இனி கிராம உத்தியோகத்தர்தான். பழைய படிவத்தில் துரையின் கையொப்பம் வாங்கி வைத்திருந்தால் அது செல்லாது, அதைக் கொண்டுபோய் நேரத்தை வீணாக்காதீர்கள். புகைப்படம் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்கவேண்டும். அவர்கள் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டும். விபரம் திருத்தி அட்டை பெறும் கட்டணம் 2023 நவம்பரிலிருந்து 500 ரூபாய். தொலைந்த அட்டைக்குப் பதில் பெறுவதென்றால் 1,000 ரூபாய். ஒருநாள் சேவைக்குத் தனிக் கட்டணம், பத்தரமுல்லையில் பெறலாம். அவசரம் இல்லாதவர்கள் சாதாரண சேவையிலேயே விண்ணப்பிக்கலாம்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் இந்த வரிசையை எல்லாம் விட்டுவிட்டு முதலில் புதிய பகுதியின் குடும்பநலத் தாதியைப் பாருங்கள். கிளினிக் கொப்பியும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடும் கையில் இருந்தால் தடுப்பூசி தவறாது. அழுத்தம், சீனி வருத்தத்துக்குத் தோட்டப்பக்க ஆஸ்பத்திரியில் மாத மருந்து எடுக்கிறவர்கள், கிளம்பும் முன் கடைசி கிளினிக்கில் மாற்றக் கடிதமும் மேலதிகமாக ஒரு மாத மருந்தும் கேட்டுப் பார்க்கலாம்.

வங்கியில் முகவரியை மாற்ற, புதிய கிராம உத்தியோகத்தரின் மேலொப்பமிட்ட சான்றிதழ் பெரும்பாலும் போதும். பழைய கிளைக்கே போகவேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தபால். ஈ.பி.எப். கடிதம், வங்கிக் கடிதம், பரீட்சைத் திணைக்களக் கடிதம் எல்லாம் இன்னும் சில காலத்துக்குத் தோட்டத்துக்கே போகும். அங்கே வீட்டுக்கு வீடு தபால் வராது. காரியாலயத்தில் டிவிசன் வாரியாகக் கட்டி வைப்பார்கள், கேட்க ஆளில்லாத கடிதம் மேசையடியில் போய்விடும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றத்தை எழுதிக்கொடுப்பதோடு, அங்கேயே இருக்கும் உறவினர் ஒருவரின் பெயரைக் காரியாலயத்தில் சொல்லி, உங்கள் கடிதங்களை அவரிடம் கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அந்த உறவினர் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மூலத்தை ஹட்டன்–கொழும்பு பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம். பதிவுத் தபால் என்றால் மட்டும் அவரைக் கையொப்பமிட்டு வாங்கச் சொல்லாதீர்கள், உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் நீதிமன்ற அறிவித்தலும் அதே தபாலில்தான் வருகிறது.